வால்வு ரேடியோ அலைன்மென்ட்: காதால் செய்வதா, மீட்டரால் செய்வதா, ஸ்கோப்பால் செய்வதா?

பரணிலிருந்து இறக்கிய வால்வு ரேடியோ பேச ஆரம்பித்துவிட்டது. பவர் சப்ளை கண்டன்சர்களை மாற்றியாயிற்று, ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததைக் காட்டும் மேஜிக் ஐ பச்சையாக எரிகிறது, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது. ஆனால் ஸ்டேஷன்கள் மெலிந்து கேட்கின்றன. 720 கிலோஹெர்ட்ஸில் வர வேண்டிய சென்னை, முள் 690-க்குப் பக்கத்தில் இருக்கும்போது வருகிறது. அலைன்மென்ட், அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட்டுகளைச் சரியான அலைவெண்ணுக்குத் திருகி வைப்பது, செய்ய வேண்டுமா, செய்வதென்றால் எந்த வழியில் என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. பெரும்பாலானவர்கள் இதற்குப் பதில் யோசிப்பதற்குள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுகிறார்கள்.

வழிகள் நாலைந்து இருக்கின்றன. ஒன்றையும் தொடாமல் விடலாம். ஸ்டேஷனைக் கேட்டுக்கொண்டே காதால் திருகலாம். சிக்னல் ஜெனரேட்டரும் மீட்டரும் வைத்து முறையாகச் செய்யலாம். அலைவெண்ணைத் தானாக ஓடவிடும் ஸ்வீப்பும் ஆசிலோஸ்கோப்பும் வைத்து ஐஎஃப் (எந்த ஸ்டேஷனையும் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் ஒரே இடைநிலை அலைவெண்) வளைவையே திரையில் பார்த்துச் செய்யலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம். கையில் என்ன கருவி இருக்கிறது என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். நான் செட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். திருகுகள் அசையாதிருக்கத் தொழிற்சாலை வைத்த மெழுகு உடையாமல் வந்த செட்டுக்கும், நாலு பேர் திருகிப் பார்த்துக் கைவிட்ட செட்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஒரு செட்டை மனதில் வைத்துக்கொள்வோம். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் நம் வீடுகளில் இருந்த வகை: மிக்ஸராக இசிஎச் 81, ஐஎஃப் பெருக்கியாக இஎஃப் 89, டிடெக்டருக்கும் முதல் ஆடியோவுக்கும் இபிசி 81, அவுட்புட்டுக்கு இஎல் 84, ரெக்டிஃபையராக இஇசட் 80. ஒரு மீடியம் வேவ், இரண்டு ஷார்ட் வேவ். இப்படிப்பட்ட செட்டில் அலைன்மென்ட் என்பது மூன்று தனித்தனி வேலை. முதலாவது ஐஎஃப்: இரண்டு அலுமினிய கேன்களுக்குள் இருக்கும் நான்கு காயில்களும் ஒரே அலைவெண்ணில் நிற்க வேண்டும். பல செட்டுகளில் அது 455 கிலோஹெர்ட்ஸ், ஃபிலிப்ஸில் பெரும்பாலும் 452, பழைய பிரிட்டிஷ் செட்டுகளில் 465 அல்லது 470. இரண்டாவது ஆசிலேட்டர்: டயலில் முள் காட்டும் எண்ணைவிட ஐஎஃப் அளவுக்கு அது எப்போதும் மேலே ஓட வேண்டும். மூன்றாவது ஏரியல் சர்க்யூட்: முள் காட்டும் அதே எண்ணில் அது நிற்க வேண்டும்.

இந்த இரண்டாவதும் மூன்றாவதும் ட்யூனிங் குமிழோடு ஒரே தண்டில் சுழலும் கேங் கண்டன்சரோடு கட்டப்பட்டவை. அங்கேதான் சிக்கல். மீடியம் வேவ் 530 முதல் 1600 வரை என்று வைத்தால் ஏரியல் சர்க்யூட் ஏறக்குறைய மூன்று மடங்கு ஓட வேண்டும். ஆசிலேட்டரோ 985-இலிருந்து 2055 வரை, அதாவது இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஓடினால் போதும். ஒரே மாதிரித் தகடுகள் கொண்ட கேங்கில் இதைச் சாதிப்பதற்குத்தான் ஆசிலேட்டர் பக்கம் பேடர் என்ற கண்டன்சரைத் தொடரில் போட்டார்கள். அப்போதும் இரண்டும் மிகச் சரியாக ஒத்துப்போவது டயலில் மூன்று இடங்களில் மட்டுமே, சுமாராக 600, 1000, 1400 ஆகிய இடங்களில். மற்ற இடங்களில் சின்னப் பிசகு இருக்கத்தான் செய்யும், அது வடிவமைப்பிலேயே ஏற்றுக்கொண்ட பிசகு. டயல் முழுவதும் துல்லியமாக வர வேண்டும் என்று ராத்திரி முழுக்கத் திருகுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

முதல் வழி: தொடாமல் இருப்பது

இதை வழி என்று பலர் எண்ணுவதே இல்லை. எனக்கு முதலில் பரிசீலிக்க வேண்டியது இதுதான். மெழுகு உடையாத ஐஎஃப் கேன் அறுபது வருஷம் கழித்தும் ஏறக்குறைய வைத்த இடத்திலேயே நிற்கும். செட் மெலிந்து பாடுவதற்கு அலைன்மென்ட் காரணமாக இருப்பதைவிட வேறு காரணம் இருப்பதே அதிகம்: கசியும் பேப்பர் கண்டன்சர், மதிப்பு ஏறிப்போன ஸ்க்ரீன் ரெசிஸ்டர், களைத்துப்போன இசிஎச் 81, கறுத்த பேண்ட் சுவிட்ச். ஏவிசி (சத்தத்தைத் தானாகச் சமன் செய்யும் ஏற்பாடு) வழியில் இருக்கும் கண்டன்சர் கசிந்தால் செட்டின் நடத்தையே மாறிவிடும். இவற்றைச் சரிசெய்யாமல், காயிலுக்குள் திருகி நகர்த்தும் துண்டுகளான கோர்களைத் திருகினால், கெட்ட பாகத்துக்கு ஏற்றபடி நல்ல காயில்களைக் கெடுத்து வைப்பதாகத்தான் முடியும். பிறகு பாகத்தை மாற்றியதும் எல்லாம் மறுபடி தப்பாக நிற்கும்.

சரி, பாகங்களை மாற்றியாயிற்று. இப்போது அலைன்மென்ட் நகர்ந்திருக்கிறதா என்று எதையும் திருகாமலே சோதிக்க முடியும். அதற்கு ஒரு குச்சி போதும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையில் சின்ன ஃபெரைட் துண்டு, மறு முனையில் பித்தளைத் துண்டு. 600-க்குப் பக்கத்தில் மெலிதான ஒரு ஸ்டேஷனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஏரியல் காயிலின் வாய்க்குள் ஃபெரைட் முனையை மெதுவாகக் கொண்டுபோங்கள். காயிலின் இண்டக்டன்ஸ் கூடும். எடுத்துவிட்டுப் பித்தளை முனையைக் கொண்டுபோங்கள். அது குறையும். இரண்டு முனையிலும் சத்தம் குறைந்தால் காயில் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, கையை எடுத்துவிடலாம். ஃபெரைட்டுக்குச் சத்தம் ஏறினால் சர்க்யூட் மேலே நிற்கிறது, கீழே இறக்க வேண்டும். பித்தளைக்கு ஏறினால் நேர்மாறு. 1400-க்குப் பக்கத்திலும் இதையே செய்து பாருங்கள். அங்கே பிசகு தெரிந்தால் திருக வேண்டியது டிரிம்மர் என்ற சின்னத் திருகு கண்டன்சரை, காயிலை அல்ல. கேங் திறந்திருக்கும்போது மொத்தக் கொள்ளளவு குறைவு, அதனால் டிரிம்மரின் சில பிகோஃபாரட் மாற்றமே பெரிதாகத் தெரியும்.

ஐஎஃப் கேன்கள் மூடியிருப்பதால் குச்சி அங்கே நுழையாது. அதற்கு மேஜிக் ஐ உதவும். நல்ல ஸ்டேஷன் ஒன்றைப் பிடித்து, முள்ளை மெதுவாக இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்த்துங்கள். பச்சைக்கு நடுவே தெரியும் நிழல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரிந்தால் ஐஎஃப் சமமாக இருக்கிறது. ஒரு பக்கம் சட்டென்று விழுந்து, மறுபக்கம் இழுத்துக்கொண்டே போய் நடுவில் இன்னொரு சின்ன மேடு காட்டினால் காயில்கள் ஆளுக்கொரு இடத்தில் நிற்கின்றன என்று பொருள். இந்தச் சோதனைகளில் தேறிய செட்டை அலைன்மென்ட் மேஜைக்கே கொண்டுபோக வேண்டாம்.

இரண்டாவது வழி: ஸ்டேஷனும் காதும்

செலவு இல்லை, உடனே செய்யலாம். அந்தக் காலத்தில் ஊர்க் கடை மெக்கானிக்குகள் பலர் இப்படித்தான் செய்தார்கள், நன்றாகவும் செய்தார்கள். ஆனால் அப்போது பகல் முழுவதும் மீடியம் வேவில் ஆகாசவாணி நிலையங்கள் வரிசையாக நின்றன: சென்னை 720, திருச்சி 936, கோவை 999, நெல்லை 1197, மதுரை 1269. இரவில் பெங்களூரு 612-உம் சேர்ந்துகொண்டால் டயலின் கீழ் முனைக்கும் குறி கிடைத்துவிடும். இன்று மீடியம் வேவில் பல ஒலிபரப்பிகள் நின்றுவிட்டன, சில டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறைக்குப் போய்விட்டன. டிஆர்எம் அலையை நம் வால்வு செட் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். போதாததற்கு வீட்டுக்கு வீடு எல்இடி விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து மீடியம் வேவைக் கரகரவென்று நிரப்புகின்றன. ஆக, காதால் செய்வதற்கு வேண்டிய குறிகளே குறைந்துவிட்டன.

அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஏவிசி. ஸ்டேஷன் பலமாக இருந்தால் ஏவிசி செட்டின் பெருக்கத்தைத் தானாகக் குறைத்துச் சத்தத்தைச் சமன் செய்துவிடும். கோரை உச்சத்துக்குத் திருகினாலும், உச்சத்தைத் தாண்டித் திருகினாலும் காதுக்கு ஏறக்குறைய ஒரே சத்தம்தான். மெலிதான ஸ்டேஷனாகப் பார்த்து எடுத்தால் இரவில் அது மங்கி மங்கி வரும். சத்தம் குறைந்தது நம் திருகலால்தானா, வானத்தாலா என்று தெரியாது.

ஐஎஃப்பைக் காதால் திருகுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதற்குத் திருச்சிக்காரர்களிடமிருந்தே உதாரணம் எடுக்கலாம். ஸ்டேஷனை வைத்து ஐஎஃப்பைக் கூட்டினால் நான்கு காயில்களும் ஒன்றாக நிற்கும், ஆனால் எந்த எண்ணில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 455-இல் நிற்க வேண்டியது 467-க்குப் போய்விட்டது என்று வையுங்கள். டிடெக்டரில் அதன் இரட்டிப்பு 934 பிறந்து, ஏரியல் பக்கம் கசிந்து, 936-இல் வரும் திருச்சியோடு மோதும். ஸ்டேஷனுக்கு அடியில் 2 கிலோஹெர்ட்ஸ் விசில் விடாமல் கேட்கும். எந்தக் கண்டன்சரை மாற்றினாலும் அந்த விசில் போகாது. ஐஎஃப்பை 455-க்குக் கொண்டுவந்தால் இரட்டிப்பு 910-க்குப் போய்விடும், விசிலும் திருச்சியை விட்டுப் போய்விடும். வடிவமைத்தவர்கள் கொடுத்த எண்ணிலேயே ஐஎஃப்பை வைக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். பேடரின் மதிப்பும் அந்த எண்ணுக்காகக் கணக்கிட்டதுதான்.

எனவே காதை ஏரியல் டிரிம்மருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காது மிக நல்ல கருவி. டயலின் மேல் முனையில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, பின்னணி இரைச்சல் எங்கே அதிகமாகிறதோ அங்கே டிரிம்மரை நிறுத்தினால் போதும். வீட்டில் எந்த ஏரியல் கம்பியைப் போடப்போகிறீர்களோ அதையே இணைத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

காதுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. எண் காட்டும் டிஜிட்டல் ட்யூனிங் ரேடியோ ஒன்றை வால்வு செட்டுக்கு அருகில் வையுங்கள். வால்வு செட்டின் முள் 1000-இல் இருந்தால் அதன் ஆசிலேட்டர் 1455-இல் ஓட வேண்டும், அந்த அலை கொஞ்சம் வெளியே கசியும். டிஜிட்டல் ரேடியோவை 1455-க்குப் பக்கத்தில் வைத்துத் தேடினால், அந்த இடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கி ஒரு மௌனம் தெரியும். அங்கே காட்டும் எண்ணிலிருந்து ஐஎஃப்பைக் கழித்தால் செட் உண்மையில் எங்கே நிற்கிறது என்று வந்துவிடும். ஐஎஃப் ஒழுங்காக இருந்து, டயல் எண் மட்டும் தப்பாகக் காட்டும் செட்டுக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. மேல் முனையில் ஆசிலேட்டர் 1700-ஐத் தாண்டிவிடுவதால், அந்த ரேடியோவில் தொடர் ஷார்ட் வேவும் இருந்தால்தான் டயல் முழுவதையும் பார்க்க முடியும். ஆனால் முதலில் டயல் கயிறு நழுவி முள் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கேங்கை முழுக்க மூடினால் முள் கோட்டின் கடைசிக் குறியில் நிற்க வேண்டும். முள் நழுவியதை ஆசிலேட்டரால் சரிக்கட்டுவது வீண் வேலை.

மூன்றாவது வழி: ஜெனரேட்டரும் மீட்டரும்

ஐஎஃப்பைத் தொட்டே ஆக வேண்டிய செட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். கருவிகள் அதிகம் இல்லை. 400 கிலோஹெர்ட்ஸ் முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரையாவது தரக்கூடிய, ஏஎம் மாடுலேஷன் உள்ள ஒரு சிக்னல் ஜெனரேட்டர். பத்து மெகாஓம் உள்ளீடு கொண்ட சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். அறுகோணம், தட்டை இரண்டு வகை முனையிலும் பிளாஸ்டிக் டிரிம்மிங் கருவி. கண்டன்சர்கள் இரண்டொன்று.

ஜெனரேட்டரிலேயே தேர்வு இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலோ, பாலிடெக்னிக் ஆய்வகங்கள் கழித்துப் போட்ட சாமான்களிலோ கிடைக்கும் பழைய அனலாக் ஜெனரேட்டர் சைன் அலை தரும், மாடுலேஷன் உள்ளேயே இருக்கும். ஆனால் அதன் டயலை நம்ப முடியாது. ஒரு சதவீதம் பிசகினாலே 455-இல் நாலரை கிலோஹெர்ட்ஸ் போய்விடும், சூடாகும்வரை நகர்ந்துகொண்டும் இருக்கும். பக்கத்தில் ஒரு ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர் வேண்டும். மலிவான பழைய சர்வீஸ் ஜெனரேட்டர்களில் இன்னொரு குறை, அட்டெனுவேட்டரை முழுக்கக் குறைத்தாலும் பெட்டியைச் சுற்றி அலை கசியும். டிடிஎஸ் என்ற டிஜிட்டல் முறையில் எண்களைத் தட்டி வைக்கும் புதிய ஃபங்க்ஷன் ஜெனரேட்டரில் இந்தக் கவலைகள் இல்லை. 455 என்று தட்டினால் 455-தான். வாங்குமுன் அதில் ஏஎம் மாடுலேஷன் இருக்கிறதா, அவுட்புட்டை மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறக்க முடிகிறதா என்ற இரண்டையும் பாருங்கள். இறங்காவிட்டால் வெளியே ஒரு அட்டெனுவேட்டர் போட வேண்டியிருக்கும். டைனிஎஸ்ஏ என்ற கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசரும் 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து ஏஎம் மாடுலேஷனோடு சிக்னல் தரும், அது வைத்திருப்பவர்கள் தனியாக ஜெனரேட்டர் வாங்க வேண்டியதில்லை. எஸ்ஐ 5351 சில்லு வைத்த சின்ன போர்டுகள் மிக மலிவு, ஆனால் அவை சதுர அலை தரும், மாடுலேஷனும் இருக்காது. ஏவிசி வோல்ட்டேஜைப் பார்த்து ஐஎஃப்பைக் கூட்டுவதற்கு மட்டும் அவை போதும்.

மீட்டரை எங்கே வைப்பது என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் பார்ப்பது பழைய சர்வீஸ் புத்தக முறை. 50 மில்லிவாட் அவுட்புட்டை அளவாக வைப்பார்கள், 3 ஓம் ஸ்பீக்கரில் அது ஏறக்குறைய 0.4 வோல்ட். சத்தம் அந்த அளவைத் தாண்டும்போதெல்லாம் ஜெனரேட்டரைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், அப்போதுதான் ஏவிசி குறுக்கே வராது. ஏவிசி வோல்ட்டேஜையே பார்ப்பது இன்னொரு முறை. எனக்குப் பிடித்தது இது. ஏவிசி எதிரி என்று நினைத்து ஒதுக்குவதற்குப் பதிலாக, எவ்வளவு சிக்னல் டிடெக்டருக்கு வந்து சேர்கிறது என்று அதையே சொல்ல வைக்கிறோம். மாடுலேஷன் தேவையில்லை, வீட்டில் யாருக்கும் அந்த 400 ஹெர்ட்ஸ் ஊளைச் சத்தமும் கேட்காது. மீட்டர் கம்பி முனையில் ஒரு மெகாஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால் சர்க்யூட்டுக்குச் சுமையும் குறையும்.

வேலை பின்னாலிருந்து முன்னால் போகும். ஜெனரேட்டரை 0.01 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வழியாக இசிஎச் 81-இன் இரண்டாவது பின்னில், அதாவது சிக்னல் கிரிட்டில் கொடுங்கள். ஆசிலேட்டர் குறுக்கிடாமல் இருக்க, கேங்கின் ஆசிலேட்டர் பகுதியை 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரால் சேசிஸுக்குக் கட்டிவிடுங்கள். இரண்டாவது ஐஎஃப் கேனின் செகண்டரி, பிறகு அதன் பிரைமரி, பிறகு முதல் கேனின் செகண்டரி, கடைசியாக அதன் பிரைமரி. பிறகு இன்னொரு சுற்று. கருவியைச் சொருகியதும் முதலில் திருகாதீர்கள். மெழுகு கெட்டித்திருந்தால் ஹேர் டிரையரால் கேனை இளஞ்சூடாக்கிவிட்டு, கோர் தானாக அசைகிறதா என்று லேசாக முன்னும் பின்னும் பாருங்கள். அடம் பிடிக்கும் கோரை வலுக்கட்டாயமாகத் திருகினால் அது விண்டுபோய்க் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும், பிறகு கேனையே கழற்ற வேண்டியதுதான். நகர ஆரம்பித்ததும் மீட்டரைப் பாருங்கள். நன்றாக இருக்கும் கேனில் கால் சுற்றுக்குள்ளேயே உச்சம் வரும். இரண்டு மூன்று சுற்று போயும் உச்சம் வராவிட்டால் நிறுத்துங்கள். கோளாறு கோரில் இல்லை, கேனுக்குள் இருக்கும் கண்டன்சரிலோ அறுந்த காயிலிலோ இருக்கிறது. ஒரே குழாயில் மேலும் கீழுமாக இரண்டு கோர் இருக்கும் கேன்களில் ஒவ்வொரு கோருக்கும் இரண்டு உச்சம் தட்டுப்படும். வெளி முனைக்கு அருகில் வரும் உச்சமே சரி. உள்ளே போனால் இரண்டு காயில்களும் அளவுக்கு மீறிப் பிணைந்துவிடும்.

ஐஎஃப் முடிந்ததும் ஆசிலேட்டர். ஜெனரேட்டரை 200 பிகோஃபாரட் கண்டன்சர் வழியாக ஏரியல் முனைக்கு மாற்றுங்கள். 1500-இல் டிரிம்மர், 600-இல் பேடர் அல்லது கோர், மறுபடி 1500. ஒன்றைத் திருப்பினால் மற்றது கொஞ்சம் நகரும், அதனால் இரண்டும் அசையாமல் நிற்கும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பிறகு 1400-இல் ஏரியல் டிரிம்மர், 600-இல் ஏரியல் காயில். பழைய ஃபிலிப்ஸ் செட்டுகளில் சில டிரிம்மர்கள் பீங்கான் குழாயில் மெல்லிய கம்பி சுற்றியவை. அவற்றில் கம்பியை அவிழ்த்துக் கொள்ளளவைக் குறைக்கலாம், திரும்பக் கூட்ட முடியாது. அவற்றைத் தொடுமுன் குச்சியால் இரண்டு தடவை சோதித்துக்கொள்ளுங்கள்.

ஷார்ட் வேவில் ஒரு கண்ணி உண்டு. 15 மெகாஹெர்ட்ஸில் ஆசிலேட்டர் டிரிம்மரைத் திருகினால் ஸ்டேஷன் இரண்டு இடத்தில் கேட்கும். ஆசிலேட்டர் சிக்னலுக்கு 455 மேலே இருக்கும்போது ஒரு தடவை, 455 கீழே இருக்கும்போது இன்னொரு தடவை. செட்டுக்குத் தேவை மேலே இருப்பது, அதனால் டிரிம்மர் அதிகம் தளர்ந்திருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏரியல் டிரிம்மருக்கும் சில சமயம் இரண்டு உச்சம் வரும், அங்கே அதிகம் இறுகிய இடமே சரி. காதால் மட்டும் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர் அதே இடத்தில் 910 கிலோஹெர்ட்ஸ் மேலே தட்டி இமேஜ், அதாவது அந்தப் போலி இரண்டாவது இடம், எங்கே விழுகிறது என்று நிமிஷத்தில் பார்த்துவிடலாம். டயல் எண்ணைச் சரிபார்க்க, 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் நேர சமிக்ஞை டிக் டிக் என்று நம் பக்கமும் கேட்பது நல்ல குறி.

நான்காவது வழி: ஸ்வீப்பும் ஸ்கோப்பும்

ஜெனரேட்டர் 440-க்கும் 470-க்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்க, டிடெக்டர் அவுட்புட்டை ஸ்கோப்பில் போட்டால் ஐஎஃப்பின் முழு வளைவும் திரையில் வந்துவிடும். கோரைத் திருகும்போது மேடு சாய்வதையும் நிமிர்வதையும் கண்ணால் பார்க்கலாம். அழகான காட்சி அது. ஆனால் சாதாரண ஏஎம் செட்டுக்கு இது அவசியமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஒற்றை உச்சம் உள்ள ஐஎஃப் கேனில் மீட்டர் காட்டும் உச்சத்துக்கும் ஸ்கோப் காட்டும் உச்சத்துக்கும் காதில் வித்தியாசம் தெரியாது. செய்து முடிக்க நேரம் அதிகம், தப்பாகச் செய்ய வாய்ப்பும் அதிகம். ஸ்வீப்பை வேகமாக ஓட்டினால் வளைவு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சாய்ந்து தெரியும், அதைச் சரிசெய்கிறேன் என்று நல்ல கோரை நகர்த்திவிடுவோம். ஏவிசியை பேட்டரி வைத்து ஒரே மைனஸ் வோல்ட்டேஜில் கட்டாவிட்டால் வளைவின் மேடு தட்டையாகத் தெரியும்.

இந்த வழி அவசியமாகிற செட்டுகளும் இருக்கின்றன. நல்ல ஒலித்தரத்துக்காக ஐஎஃப் காயில்களை நெருக்கமாகப் பிணைத்து, இரண்டு மேடு கொண்ட அகன்ற வளைவைக் கொடுத்த பெரிய செட்டுகள் அவற்றில் ஒரு வகை. இவற்றை மீட்டரால் உச்சம் பார்த்துத் திருகினால் ஒரு மேடு மட்டும் உயர்ந்து வளைவு கோணலாகிவிடும். சத்தம் கூடியது போல இருக்கும், இசை மட்டும் மூக்கால் பாடும். சர்வீஸ் ஷீட்டில், ஒரு காயிலைத் திருகும்போது எதிர்க் காயிலில் ரெசிஸ்டர் கட்டச் சொல்லியிருந்தால் செட் இந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். ஸ்கோப் இல்லாதவர்கள் அந்த ரெசிஸ்டர் முறையிலேயே ஒழுங்காகச் செய்ய முடியும். எஃப்எம் உள்ள ஐரோப்பிய செட்டுகள் இன்னொரு வகை. 10.7 மெகாஹெர்ட்ஸ் ஐஎஃப்பும், ரேஷியோ டிடெக்டரின் எஸ் வளைவும் நடுவில் நேராக இருக்கிறதா என்பதைப் பார்த்தால்தான் நிம்மதி.

நானோவிஎன்ஏ என்ற கையடக்க நெட்வொர்க் அனலைசர் வைத்துச் செய்யலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். அதன் உள்ளீடு 50 ஓம். நேராக ஐஎஃப் காயிலில் வைத்தால் காயில் படுத்துவிடும், திரையில் தெரியும் வளைவுக்கும் செட்டுக்குள் இருக்கும் வளைவுக்கும் சம்பந்தம் இருக்காது. இஎஃப் 89-இன் ஆனோடில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், கம்பி தவறிப் பட்டால் கருவியின் கதை முடிந்தது. பஃபரும் தடுப்புக் கண்டன்சரும் போட்டுப் பழகியவர்கள் தவிர மற்றவர்களுக்கு இந்த வேலையில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மெக்கானிக்கிடம் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. வால்வு செட்டில் கை பழகிய மூத்தவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். கொடுக்குமுன் ஐஎஃப் எந்த எண்ணில் வைப்பீர்கள், எதை வைத்து அளப்பீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் தயங்காமல் வந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

எந்தச் செட்டுக்கு எது

மெழுகு உடையாத செட் என்றால் பாகங்களை மாற்றி, குச்சியும் மேஜிக் ஐயும் வைத்துச் சோதித்து, ஏரியல் டிரிம்மரை மட்டும் காதால் தொட்டு நிறுத்திவிடலாம். சத்தம் நன்றாக இருந்து எண் மட்டும் தப்பினால் டிஜிட்டல் ரேடியோவைப் பக்கத்தில் வைத்து ஆசிலேட்டரைப் பாருங்கள். மெழுகு உடைந்திருந்தாலோ, கோரின் வாயில் ஸ்க்ரூ டிரைவர் பட்ட தழும்பு இருந்தாலோ, ஐஎஃப் கேன் மாற்றப்பட்டிருந்தாலோ ஜெனரேட்டர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். எஃப்எம் அல்லது அகன்ற ஐஎஃப் என்றால் ஸ்வீப்.

இசிஎச் 81-க்குப் பதில் யுசிஎச் 81, இஎல் 84-க்குப் பதில் யுஎல் 84 என்று யு-வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் பெரும்பாலும் அது ஏசி/டிசி செட். அதில் சேசிஸே நேராக மெயின்ஸோடு இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேசிஸில் 230 வோல்ட் நிற்கலாம், அதில் ஜெனரேட்டரின் எர்த் கம்பியைக் கட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இந்தச் செட்டில் மேற்சொன்ன எந்த வழியையும் முயலக் கூடாது. குச்சியைக் கூட நுழைக்காதீர்கள்.

ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஸ்கோப்பை விட்டுவிட்டு, ஏஎம் மாடுலேஷனும் குறைந்த அவுட்புட்டும் உள்ள டிடிஎஸ் ஜெனரேட்டரை வாங்குங்கள். மீட்டர் எப்படியும் வீட்டில் இருக்கும். ஜெனரேட்டர் வந்து சேரும்வரை அந்த ஐஎஃப் கேன்களின் மெழுகை உடைக்காமல் வைத்திருங்கள்.